கருவி தொகுத்தலும் பற்றறுதலும்

பற்றறுத்தலே வீட்டுநெறி என நூல்களெல்லாம் ஒருதலையாகக் கூறாநிற்ப, சிவநெறி நிற்பார் சிலர் பூசைக் கருவிகளையும் உருத்திராக்க வடங்களையும் நூற்பதிப்புக்களையும் மேன்மேலும் தேடித் தொகுத்தும், ஒன்றனை ஒன்றனோடு ஒப்பிட்டுப் பயின்று பார்த்தும் மகிழ்தல் தகுமோ என அன்பர் சிலர் எம்மை வினவுவர். வினா எளிதுபோலத் தோன்றினும் விடை அத்துணை எளிதன்று.

தனு கரண புவன போகங்கள் மாயையின் காரியங்கள். ஆணவ இருளில் அழுந்திய உயிர்க்கு அவை, பொழுது புலருங்காறும் விளக்குப்போல நின்று உதவுவன என்பது நம் ஆசிரியர் துணிபு. ஆகலின் பொருளைப் பொருளென்றே வெறுத்தல் சித்தாந்தமாகாது. குற்றம் கிடப்பது ‘எனது’ என்னும் முனைப்பின்கண்ணேயாம்.

திருநாவுக்கரசு நாயனார் திருக்கையில் இருந்தது உழவாரம் ஒன்றே. திருப்புகலூரில் அவர் பணிசெய்யுமிடத்துப் பொன்னும் நவமணியும் கிடந்து ஒளிர, அவற்றையும் பருக்கைக் கற்களோடு ஒப்பவே உழவாரத்தில் ஏந்திக் குளத்தில் எறிந்தார் எனப் பெரியபுராணம் கூறும். எறியப்பட்டவை பொன்னும் மணியுமே. உழவாரம் எறியப்படவில்லை என்பதனை ஈண்டு உற்று நோக்குக. பணிக்கு வேண்டுவது கையிலிருந்தது. வேண்டாதது விலைமிக்கதாயினும் நீங்கிற்று.

இனித் திருநீலகண்ட நாயனார்பால் யோகியாய் வந்த பெருமான் அடைக்கலமாகக் கொடுத்தது ஒரு திருவோடு. அது மறைந்தபின், வேறு நல்லோடு தருவதாக நாயனார் இரப்பவும், பொன்னோடாயினும் கொள்ளேம், யாம் தந்ததே வேண்டும் என யோகியார் வழக்கிட்டார். அது நாயனாரை உலகறியக் காட்டவந்த திருவிளையாடல் என்பதில் ஐயமில்லை. ஆயினும் மக்கள் நடுவே இத்தகைய வழக்கு நம்பத்தக்கதாய்த் தோன்றியதன் காரணம் யாது? ஓட்டின்மேலும் பொன்னளவு பற்று எழக்கூடும் என்பதை உலகம் அறியுமாதலின் அன்றோ? எனவே, பொருளின் எண்ணிக்கையும் விலையும் பற்றினை அளக்கும் கோலாகா.

அண்மைக் காலத்து எடுத்துக்காட்டு ஒன்று. 1911-இல் துறவு மேற்கொண்ட மறைமலையடிகள் உடையைத் துறந்தாரேயன்றி நூல் தேடுதலைத் துறந்தாரல்லர். பல்லாவரத்தில் அவர் தொகுத்து வைத்த நூல்கள் காட்சிப்பொருளாய்க் கிடவாமல், 1930-இல் வெளிவந்த ‘மாணிக்கவாசகர் வரலாறும் காலமும்’ போன்ற ஆராய்ச்சிக்குக் கருவியாயின. 1950-இல் அடிகள் மறைந்தபின், சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தார் 1958-இல் சென்னையில் அவர் பெயரால் நிறுவிய நூல்நிலையத்திற்கு அத்தொகுப்பே முதலாயிற்று. திருவாவடுதுறை ஆதீனத்தார் காத்துவைத்த சுவடிகள் உ. வே. சாமிநாதையரின் பதிப்புப் பணிக்கு உதவியதும் யாவரும் அறிந்ததே. தொகுப்பார் இலராயின் அவை செல்லுக்கு இரையாகியிருக்கும்.

இவ்வாறு கூறியதுகொண்டு தொகுப்பதெல்லாம் தொண்டே எனத் துணிதலும் பொருந்தாது. மூன்று கைமணியும் நான்கு பஞ்சபாத்திரமும் உடையான் ஒருவன், புதிய தூபக்கால் வந்தெய்துங்காறும் பூசையைத் தாழ்ப்பானாயின், அவன் கருவிக்கு ஆளாயினான். உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது. பித்தளையைச் சாரின் பித்தளையேயாம். மற்று, புதிய மணியின் ஓசை இனிதென மகிழ்ந்து அன்றைப் பூசையில் உள்ளம் ஒருங்கப் பெற்றானாயின் அம்மகிழ்ச்சியை யாம் பழியேம். கிரியை நெறிக்கண் கண்ணுக்கும் செவிக்கும் இடமுண்டு.

ஒரு செம்பும் ஈருடையும் அன்றி எமக்கு யாதுமில்லை எனச் செல்லுமிடந்தோறும் சொல்லித் திரிவாரையும் ஈண்டு மறத்தலாகாது. அவர்பால் உள்ள சரக்கு, தம் எளிமை என்னும் பெருமிதம். மிகையான கைமணியைப் பிறர்க்குக் கொடுத்துவிடலாம். இதனை எவரிடம் கொடுப்பது?

ஆண்டுக்கொருமுறை பேழையைத் திறந்து, அவ்வாண்டு கையாளப் பெறாதன யாவை எனக் காண்டல் நன்று. தக்கார் ஒருவர் கேட்பின் கொடுக்க மனம் இசையாத பொருள் ஒன்று அவற்றுள் இருப்பின் அதனையே முதற்கண் கொடுக்க. ஒரே படியாய் எஞ்சிய சுவடிமட்டும் இதற்கு விலக்கு. அதனைப் பெயர்த்தெழுதிக்கொண்ட பின்னரே பிறர் கையிற் சேர்த்தல் வேண்டும்.