பாசிமணியும் பச்சைக்கிளியும்

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கையில் இருக்கும் கிளி தினம் தினம் புதிதாகப் பிறக்கிறது. மரவள்ளி இலைதான் அதன் உடம்பு. மாதுளம்பூ மூக்கு, காக்காப்பொன் கண். வாழைநார் வைத்துக் கட்டுவார்கள். ஒரு கிளி முடிய நாலைந்து மணி நேரம் பிடிக்கும். மாலையில் தாயாரின் இடக்கையில் ஏறும் அந்தக் கிளி, மறுநாள் யாரோ ஒரு புண்ணியவான் வீட்டுக்குப் பிரசாதமாகப் போய்விடும். மறுபடி இலை, மறுபடி நார், மறுபடி கிளி. தலைமுறை தலைமுறையாக ஒரு குடும்பத்தார் கைவிடாமல் செய்துவரும் கைங்கர்யம் இது. கோயிலைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் 11 நிலைக் கோபுரத்தைத்தான் அண்ணாந்து பார்ப்பார்கள். என் கண் அந்தக் கிளியை விட்டு அசையாது.

நான் ராஜபாளையத்துக்காரி. எங்கள் ஊர் பஞ்சிலும் நூலிலும் வளர்ந்த ஊர். 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். பக்கத்தில் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள், தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிறார்கள். இந்தப் பக்கத்துப் பெண்களுக்கு ஊசி நூல் என்றால் பிழைப்பு. அந்தப் பிழைப்பை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். கூலி வாங்காமல், யாரும் கேட்காமல், வெறும் ஆசைக்காக ஊசியைத் தொடும் பாக்கியம் எனக்குக் கிடைத்திருக்கிறது. என் வீட்டுப் பூஜை அலமாரியில் ஒரு சின்ன ஆண்டாள் இருக்கிறாள். அவளுக்குப் பாவாடை தைப்பதும், தாவணிக்குக் கரை கட்டுவதும், பாசிமணி கோத்து மாலை செய்வதும்தான் என் பொழுதுபோக்கு, என் பூஜை, என் சந்தோஷம் எல்லாமே.

மத்தியானம் அடுப்படி வேலை ஓய்ந்ததும் ஜன்னலோரம் உட்கார்வேன். பச்சைப் பட்டுத் துண்டை வட்டச் சட்டத்தில் இறுக்கி, சுண்டினால் 'டொப்'பென்று சத்தம் வரும்வரை இழுத்துவிடுவேன். கிண்ணத்தில் கடுகை விடப் பொடியான பாசி. ஊசி முனையால் தொட்டு ரெண்டு மணியை ஏற்றி, துணியில் படுக்கவைத்து, அடியில் இறக்கி, ஒரு மணி பின்னால் வந்து மறுபடி அதே மணிக்குள் ஊசியை நுழைத்து எடுப்பேன். அப்போதுதான் வரிசை நெளியாது. இப்படி வரிசை வரிசையாகப் பச்சை ஏறி வரும்போது, பாவாடைக் கரையில் கிளியின் கழுத்து தெரிய ஆரம்பிக்கும். சிறகுக்குக் கொஞ்சம் கரும்பச்சை. கடைசியில் மூக்கு. அதற்கு மூன்றே மூன்று சிவப்பு மணி. அந்த மூன்றாவது மணி உட்கார்ந்த கணம் கிளி என்னைத் திரும்பிப் பார்க்கும்! உடம்பெல்லாம் சிலிர்த்துப்போகும். "கோதை, கோதை" என்று வாய் தானாக முணுமுணுக்கும். கண்ணீர் முட்டி ஊசி முனை மங்கிவிடும்.

"இவ்வளவு பொடிசா தைக்கிறியே, இதை யாரு கிட்ட வந்து பாக்கப் போறா?" என்று மதினி கேட்டார்கள்.

"அவ பாப்பா மதினி" என்றேன். வேறென்ன சொல்ல?

தெய்வத்துக்கு என்று எடுத்துவைத்ததை நாம் முதலில் அனுபவிக்கக் கூடாது என்று நம் வீடுகளில் சொல்லி வளர்த்தார்கள். பூவை முகர்ந்து பார்க்கக்கூட விடமாட்டார்கள். ஆண்டாள் என்ன செய்தாள்? அவள் அப்பா பெரியாழ்வார் பெருமாளுக்கென்று நந்தவனத்துப் பூவில் கட்டிய மாலையைத் தானே சூடி, கிணற்றில் குனிந்து அழகு பார்த்தாள். கோயிலுக்குள் இன்றைக்கும் கண்ணாடிக் கிணறு இருக்கிறது. அவள் சூடிக் களைந்த மாலைதான் வேண்டும் என்றான் பெருமாள். அன்று கேட்டவன் இன்றுவரை விடவில்லை. புரட்டாசி பிரம்மோற்சவத்துக்குத் திருப்பதிக்கும், சித்திரையில் ஆற்றில் இறங்கும் கள்ளழகருக்காக மதுரைக்கும் இவள் சூடிய மாலை வருஷந்தோறும் போகிறது. எங்கள் ஊரில் வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிறவர்கள் நிறைய. அந்தத் தெலுங்கிலே கிருஷ்ணதேவராயர் 'ஆமுக்தமால்யதா' என்று காவியம் பாடியதும் இவள் கதையைத்தான்.

அதனால் எனக்குக் கூச்சமே இல்லை. தைத்து முடித்ததை மடியில் விரித்து ஆசைதீரப் பார்ப்பேன். வெளிச்சத்தில் திருப்புவேன், தடவிப் பார்ப்பேன், கன்னத்தில் ஒற்றிக்கொள்வேன். செய்தவளின் சந்தோஷம் ஏறாத பாவாடையை அவள் உடுத்துவாள் என்று நான் நம்பவில்லை. கையின் ஆனந்தம்தான் அவளுக்கு நைவேத்தியம்.

துணியென்றால் அவளுக்கு எவ்வளவு பிரியம் என்று தெரிய வேண்டுமா? கார்த்திகை மாதத்துக் கைசிக ஏகாதசிக்கு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போக வேண்டும். ராஜபாளையத்தில் பஸ் ஏறினால் இடப்பக்கம் மலை கூடவே வரும். அரை மணி நேரத்தில் இறங்கிவிடலாம். குளிர் காலம் வந்துவிட்டதே, தாயாருக்குக் குளிருமே என்று அன்றைக்கு 108 போர்வை சாத்துகிறார்கள். ஒன்று சாத்தி, தீபம் காட்டி, அதன் மேல் அடுத்தது. நான் போயிருந்தபோது அரக்கு வந்தது, மாம்பழ மஞ்சள் வந்தது, மயில்கழுத்து வந்தது. ஒவ்வொரு போர்வையும் விரியும்போது ஜரிகை மேல் தீப ஒளி ஓடும். நெய்தவன் பாவோட்டிய நேரமெல்லாம், நாடா போய்வந்த தடமெல்லாம் அவள் தோளில் ஏறுவதைப் பார்த்தபடி நின்றேன். அம்மா! தாயே! இத்தனை கைகளின் உழைப்பையும் ஒரு ராத்திரியில் வாங்கிக்கொள்கிறாயே! பக்கத்தில் நின்ற பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். யாரென்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. குளிர்கிறதே என்று ஊரே சேர்ந்து போர்த்திவிடும் ஒரு பெண்ணாகத் தெய்வம் நம் நடுவில் உட்கார்ந்திருக்கும்போது அழாமல் என்ன செய்வது?

வீட்டில் ஒரு துண்டுத் துணி கிடக்கும். பழைய பிளவுஸில் வெட்டியதாகக்கூட இருக்கட்டும். கொஞ்சம் பாசி, ஒரு மெல்லிய ஊசி போதும். வேலை தெரியாதே என்று தயங்காதீர்கள்; ரெண்டு மணி ஏற்றினால் மூன்றாவதைக் கை தானே தேடும். உங்கள் வீட்டு ஆண்டாளுக்கு, கிருஷ்ணனுக்கு, உங்கள் குலசாமிக்கு, யாருக்காவது இந்த மார்கழிக்குள் ஒரு சின்னப் பாவாடையோ ஒரு மாலையோ செய்து பாருங்கள். முடிந்ததும் முதலில் நீங்கள் மடியில் வைத்து ரசியுங்கள். அப்புறம் சாத்துங்கள்.