வாலில் எழுதிய 69

எதிரியின் ஏவுகணைத் தளங்களை வேட்டையாடிய அமெரிக்க விமானப்படையின் ‘வைல்ட் வீசல்’ பிரிவில் பறந்த எஃப்-4ஜி ஃபாண்டம் ஒன்றின் படத்தை எடுத்து வால் பகுதியைப் பாருங்கள். ‘ஏஎஃப்’ என்றும் அதன் கீழே ‘69’ என்றும் சிறிய எழுத்தில் இருக்கும். பக்கத்தில் மூன்று இலக்கங்கள் பெரிதாக இருக்கும். 69 என்பது அந்த விமானத்தை வாங்க ஆணையிட்ட நிதியாண்டு. ஆனால் இந்த ஜி வகை முதன்முதலில் பறந்தது 1975 டிசம்பரில். படையில் சேர்ந்தது 1978இல். வாலில் இருப்பது பிழையல்ல. ஜி வகையாகப் புதிதாக ஒரு விமானம்கூடக் கட்டப்படவில்லை. எஃப்-4ஈ என்ற பெயரில் வாங்கி, ஆண்டுக்கணக்கில் பறந்து பழகிய விமானங்களில் 116ஐ யூட்டா மாநிலத்து ஹில் விமானத் தளப் பணிமனைக்குக் கொண்டுபோனார்கள். மூக்கின் அடியில் இருந்த பீரங்கியைக் கழற்றிவிட்டு, எதிரியின் ரேடார் எங்கிருந்து பார்க்கிறது என்று கண்டுபிடிக்கும் கருவிகளைப் பொருத்தினார்கள். பின்னர் இன்னும் 18 விமானங்கள் அப்படியே மாற்றப்பட்டன. பெயர் மாறியது, வேலை மாறியது, முகத்தோற்றமும் சற்றே மாறியது, எண் மாறவில்லை. பழைய விமானம் போய்ப் புதியது வந்ததா, பழையதே புதியதாக ஆனதா? இந்திய மெய்யியல் மரபுகள் பல நூற்றாண்டுகளாகத் தமக்குள் வாதிட்ட கேள்வி இது. உடல் மாறியும் ‘அவரேதான்’ என்று சொல்கிறோமே, எதை வைத்துச் சொல்கிறோம் என்பதும் இதே கேள்விதான்.

இந்தக் கேள்வியைக் கையால் தொட்டுப் பார்க்க ஓர் எளிய வழி உண்டு: 72இல் ஒரு பங்கு அளவுள்ள எஃப்-4ஈ பிளாஸ்டிக் கிட் ஒன்றை ஜி வகையாக மாற்றுவது. அசல் விமானம் 19 மீட்டருக்குச் சற்று அதிக நீளம். மாதிரி ஏறக்குறைய 27 சென்டிமீட்டர். முதலில் மூக்கின் அடியில் துருத்தி நிற்கும் பீரங்கி வாயை மெல்லிய ரம்பத்தால் அறுக்க வேண்டும். அந்த இடத்தில் ஆன்டெனாக்களை மூடும் மொண்ணையான கூட்டைப் பிளாஸ்டிக் துண்டாலும், இடைவெளி நிரப்பும் பசையான புட்டியாலும் உருவாக்க வேண்டும். புட்டி காயும்போது சுருங்கும். இணைப்பின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு பள்ளம் விழும், சாம்பல் நிற அடிப்பூச்சு அடித்தால்தான் அது தெரியும். மறுபடி புட்டி, மறுபடி உப்புத்தாள். தேய்க்கும் வேகத்தில் பக்கத்தில் இருந்த தகட்டுக் கோடுகளும் அழிந்துபோகும், அவற்றை ஊசியால் திரும்பக் கீற வேண்டும். வாலுச்சியில் பின்னோக்கி நீளும் உருளை ஒன்றைச் சேர்க்க வேண்டும். கிட்டில் இருப்பது முன்விளிம்பு ஸ்லாட் (slat) இல்லாத பழைய இறக்கை என்றால் அதையும் திருத்த வேண்டும். இத்தனைக்கும் பிறகு, பெட்டியில் ஈ வகை என்று அச்சிட்டிருந்த பொருள் அலமாரியில் ஜி வகையாக நிற்கிறது. அப்படிச் சொல்ல நமக்கு என்ன உரிமை?

பௌத்தம் தரும் விடை எல்லோருக்கும் தெரிந்தது. மிலிந்த மன்னனிடம் துறவி நாகசேனர் தேரைக் காட்டிக் கேட்கிறார்: அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா? எதுவும் இல்லை, உறுப்புகள் சேர்ந்தபோது வழங்கும் பெயர்தான் தேர். பிளாஸ்டிக் கிட்டைப் பார்த்தவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான விடை இல்லை என்றே தோன்றும். சட்டத்தில் வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும் உறுப்புகள்தாமே அங்கே இருப்பவை. நியாய வைசேடிகர்கள் இதை ஏற்கமாட்டார்கள். உறுப்புகளில் இருந்து வேறான ‘முழுமை’ என்ற ஒன்று உண்மையிலேயே உண்டு என்பது அவர்கள் கட்சி. அதன் விளைவாக இன்னொன்றையும் அவர்கள் ஒப்புக்கொண்டாக வேண்டும்: ஓர் உறுப்பைக் கழற்றினால் பழைய முழுமை அழிந்து புதிய முழுமை ஒன்று தோன்றுகிறது. பீரங்கியைக் கழற்றிய கணத்தில் ஒரு விமானம் மாண்டு இன்னொன்று பிறந்தது என்று இதற்குப் பொருள்.

இந்த இரண்டு விடைகளையும் வாலில் இருக்கும் எண்ணோடு வைத்துப் பார்க்கலாம். எல்லாம் வெறும் பெயர்தான் என்றால், பெயர் மாறியபின் மாறாமல் தொடர்ந்தது எது என்பதற்கு விடை இல்லை. புதிய முழுமை பிறந்தது என்றால் பழைய ஆண்டை அது ஏன் சுமக்கிறது? எண் வெறும் எழுத்தர் வேலை, அதில் மெய்யியல் தேடக்கூடாது என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பு நியாயமானது. ஆனால் அந்த எழுத்தர் வேலை எதைப் பின்தொடர்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு விமானத்தின் உடல் எத்தனை மணி நேரம் பறந்தது என்பதற்குக் கணக்கு உண்டு. அந்தக் கணக்கை வைத்துத்தான் உலோகத்தின் சோர்வை மதிப்பிடுகிறார்கள். ஈ வகையாகப் பறந்த மணிகள் ஜி வகை ஆனதும் பூச்சியத்துக்குத் திரும்புவதில்லை. பழைய பெயரில் ஏற்ற பாரத்துக்குப் புதிய பெயரில் விரிசல் விடும். பெயர் மாற்றத்தால் துடைக்க முடியாத இந்த நிலுவையைத் தமிழில் வினை என்று சொன்னால் அது மிகையாகாது. எண் அந்தத் தொடர்ச்சியை உண்டாக்கவில்லை, அடையாளம் மட்டும் காட்டுகிறது.

இதற்கும் பௌத்தத்திடம் பதில் இருக்கிறது, அதைக் கேட்காமல் தாண்டிப்போவது நேர்மையல்ல. முதல் சாமத்தில் எரிந்த சுடரும் கடைசிச் சாமத்தில் எரியும் சுடரும் ஒன்றா வேறா என்று நாகசேனரே கேட்டு, ஒன்றும் அல்ல, வேறும் அல்ல, தொடர்ச்சி என்கிறார். வினை தொடரவும் சுமக்கும் பொருள் ஒன்று வேண்டியதில்லை என்பது இதன் சாரம். சுடருக்கு இது பொருந்தலாம். ஆனால் உலோகச் சோர்வு ஒன்றிலிருந்து அடுத்ததற்குக் கைமாறும் செய்தி அல்ல. அதே சட்டத்தில், அதே ஆணித்துளையின் விளிம்பில் அது உட்கார்ந்திருக்கிறது. சுமப்பது இல்லாமல் அந்தச் சுமையைப் பற்றிப் பேசவே முடியாது. அதனால்தான் சைவ சித்தாந்தத்தின் சற்காரியவாதம் எனக்கு வலுவானதாகப் படுகிறது. இல்லாதது தோன்றாது, உள்ளது அழியாது. காரியம் காரணத்தில் நுண்மையாக ஏற்கெனவே இருக்கிறது. மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவர் நிமித்தகாரணம், குடம் காரியம். ஜி வகை என்பது புதிய பொருளும் அல்ல, வெறும் பெயரும் அல்ல. இருந்த பொருள் எய்திய ஒரு நிலை.

நிலைதான் என்பதற்கு ஃபாண்டம் வரலாறே இன்னொரு சான்றும் தருகிறது. அதே ஜி என்ற எழுத்தை அமெரிக்கக் கடற்படை 1960களில் வேறொன்றுக்கு வைத்திருந்தது. 12 எஃப்-4பி விமானங்களில் தகவல் இணைப்புக் கருவி பொருத்தி அவற்றை எஃப்-4ஜி என்று அழைத்தார்கள். சோதனைக் காலம் முடிந்து, மிஞ்சியவற்றில் இருந்து கருவியைக் கழற்றியதும் அவை மறுபடி எஃப்-4பி ஆயின. செத்த பொருள் திரும்பி வருவதில்லை, நிலைதான் வந்து போகும்.

ஒரு பொருளுக்குள் எல்லாமே ஒளிந்திருக்கிறது என்று சொல்லத் தொடங்கினால் சற்காரியவாதம் எதையும் விளக்காத வாதமாகிவிடும் என்பார்கள். உண்மையில் அது அப்படித் தாராளமான கொள்கை அல்ல. மண்ணிலிருந்து குடம் வரும், துணி வராது என்பதுதான் அதன் அடிப்படையே. எந்த விமானமும் வைல்ட் வீசல் ஆகிவிடவில்லை. ஏவுகணைத் தளங்களை வேட்டையாடும் அந்த வேலைக்கு அந்நாளில் இரண்டு பேர் தேவைப்பட்டார்கள், ஒருவர் ஓட்ட, ஒருவர் ரேடார் குறிகளைப் படிக்க. முந்தைய எஃப்-105ஜியும் இரட்டை இருக்கை கொண்ட எஃப்-105எஃப் விமானத்திலிருந்தே வந்தது. ஈ வகையில் பின்னிருக்கை முன்பே இருந்தது. பீரங்கி போனால் 50க்கும் மேற்பட்ட ஆன்டெனாக்களைக் கொண்ட அந்த அமைப்புக்கு மூக்கடியில் இடமும் இருந்தது. மேசைமேலும் இதே கட்டுப்பாடுதான். ஈ வகை கிட் சில மாலைகளில் இசைந்து கொடுக்கும். கடற்படையின் எஃப்-4ஜே கிட்டை எடுத்தால் மூக்கு முழுவதையும் வெட்டி எறிந்து வேறு மூக்கு வைத்தாக வேண்டும். அதற்குப்பின் அதை மாற்றம் என்பதா, வேறொன்றைக் கட்டியது என்பதா என்று தயங்க வேண்டியிருக்கும். பொருள் எதற்கு இசையும், எதற்கு இசையாது என்பது ரம்பம் பிடித்த கைக்குத் தெரிந்துவிடுகிறது.

இங்கே ஒரு நல்ல ஆட்சேபம் எழும். அசல் விமானத்தில் தொடர்ந்தது அலுமினியம்; மாதிரியில் இருப்பது பாலிஸ்டைரீன். அது ஒருநாளும் பறக்கவில்லை, அதற்கு வினையும் இல்லை, நிலுவையும் இல்லை. ஜி வகை கிட்டே கடையில் கிடைக்கும்போது ஈ வகையை அறுத்துத் தேய்ப்பதால் என்ன கூடிவிடுகிறது? முடிந்தபின் இரண்டையும் அருகருகே வைத்தால் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. உருவ ஒப்புமை மட்டுமே மாதிரியின் கடமை என்றால் இந்த ஆட்சேபத்துக்கு மறுமொழி இல்லை. ஆனால் உருவம் காரியம் மட்டுமே. ஹில் பணிமனையில் முதற்காரணமாக இருந்தது ஓர் ஈ வகை விமானம். மேசையில் முதற்காரணமாக இருப்பது ஓர் ஈ வகை மாதிரி. அங்கே கழற்றப்பட்டதுதான் இங்கே அறுக்கப்படுகிறது, அங்கே மூடப்பட்ட இடம்தான் இங்கே புட்டியால் நிரம்புகிறது. கடையில் வாங்கிய ஜி தன் அசலைக் காரியத்தில் மட்டும் ஒத்திருக்கிறது. மாற்றிச் செய்த ஜி காரணத்திலும் ஒத்திருக்கிறது. இந்த இரண்டாவது ஒப்புமையைக் கண் காணாது என்பதால் அது இல்லாமல் போவதில்லை. செய்தவருக்கு அது அறிவாகவே கிடைக்கிறது. ஜியின் மூக்கடிக் கூடு ஏன் அங்கே, ஏன் அந்தப் பருமனில் இருக்கிறது என்பது பீரங்கி வாயை அறுத்தவருக்கு விளங்குவதுபோல், அச்சில் வார்த்த துண்டை ஒட்டியவருக்கு விளங்குவதில்லை.

வரலாறு இவ்வளவு முக்கியம் என்றால் ‘ஜி வகை’ என்று பொதுவாக ஒரு மாதிரி செய்வதே பொருளற்றது ஆகாதா? ஆகும்தான், அதை நான் மறுக்கவில்லை. கவனமாகச் செய்பவர்கள் கடைசியில் ஏதேனும் ஒரு குறிப்பிட்ட விமானத்தின் எண்ணைத்தான் வாலில் ஒட்டுகிறார்கள்: கலிஃபோர்னியாவின் ஜார்ஜ் தளத்து ‘டபிள்யூ டபிள்யூ’ எழுத்துகள், அதன் பக்கத்தில் 69. அந்த எண்ணை ஒட்டியதும் மாதிரி ஒரு வாக்குமூலம் ஆகிறது. அந்த விமானத்தில் இல்லாத ஒன்றை அதில் வைத்தால் அது பொய்.

கொல்வதற்கென்று செய்த இயந்திரத்தில் காரணகாரியம் தேடுவது தகுமா என்ற கேள்விதான் எல்லாவற்றிலும் கனமானது. 1991 வளைகுடாப் போரில் இந்த விமானங்கள் ஈராக்கின் ரேடார் தளங்களை அடித்தன, அங்கே மனிதர்கள் இருந்தார்கள். அதை மறைத்து அழகு மட்டும் காட்டும் மாதிரியை நான் ஆதரிக்கமாட்டேன். ஆனால் நிலைகளின் தொடர்ச்சியை விடாமல் பின்பற்றுபவரால் அதை மறைக்கவும் முடியாது. 1996இல் ஜி வகைக்கு ஓய்வு கொடுத்தபின் அவற்றில் பலவற்றை ஆளில்லாமல் பறக்கும் கியூஎஃப்-4 இலக்குகளாக மாற்றினார்கள். ஏவுகணைத் தளங்களை வேட்டையாடிய அதே உடல்கள் புதிய ஏவுகணைகளைச் சோதிக்கும் குறிகளாகப் பறந்து, பல வானிலேயே சிதறின. அந்த மூன்றாம் நிலையை மாதிரியில் காட்ட விரும்புபவர் செய்ய வேண்டியது அதிகமில்லை. ஜி வகையாக முடித்த மாதிரியின் சாம்பல் வண்ணத்தை அப்படியே விட்டு, இறக்கை நுனிகளுக்கும் வாலுக்கும் இலக்கு விமானத்தின் செம்மஞ்சளைப் பூசினால் போதும். வாலில் இருக்கும் 69ஐ மட்டும் அழிக்கக் கூடாது, ஏனென்றால் சுடப்பட்டது 1969 நிதியாண்டில் வாங்க ஆணையிட்ட அந்த விமானம்தான்.