காட்டுக் காய் யாருக்குச் சொந்தம்?

ஜொகூர்த் தோட்டங்களில் கணக்கெழுதும் கிராணிகளாகிய நாம் நாள்தோறும் பதியும் பயிர்கள் இரண்டும் இம்மண்ணில் பிறந்தவை அல்ல. ரப்பர், 1876ல் பிரேசிலிலிருந்து கொண்டுபோகப்பட்ட விதைகளின் சந்ததி. செம்பனை, ஆப்பிரிக்காவிலிருந்து வந்து 1917ல் சிலாங்கூரில் வியாபாரப் பயிரானது. இம்மண்ணுக்குரிய வல்லாரையோ நமது புத்தகத்தில் ‘களையெடுப்பு’ என்னும் தலைப்பில் செலவாக ஏறுகிறது. அதே வல்லாரையைச் சந்தையில் காசு கொடுத்து வாங்கி உண்கிறோம்!

ஆகவே, உள்நாட்டு உணவுச் செடிகளையே பெரும்பயிராக்கினால் என்ன என்று கேட்பது நியாயமே. டுரியான் இதற்குச் சான்று. கம்பத்து வீட்டோரத்தில் தானே விழுந்த பழம், ஒட்டுக்கட்டிய ரகங்களால் தோட்டப் பயிராயிற்று. 1993ல் பதிவான ‘மூசாங் கிங்’ இன்று சீன தேசம்வரை செல்கிறது. காட்டில் உயர்ந்த மரமேறிப் பறிக்கும் பெத்தாய்க்காயையும் அவ்வாறே வளர்க்கலாம்.

ஆனால், காட்டிலிருக்கும்வரை அக்காய்க்கு வேலி இல்லை; பறித்தவர் உண்டனர். பயிரானதும் பட்டா வருகிறது. பட்டாவுடன் காவலும் வருகிறது. மரம் மாறவில்லை, நேற்றுப் பறித்தவனுக்கு மட்டும் இன்று ‘கள்வன்’ என்று பெயர்.

“நட்டவனுக்கே பலன்; காட்டில் கிடந்தது எவருடையதும் அன்று” என்பர் சிலர். நட்டவனுக்கே பலன் என்பது உண்மையாயின், காடழித்து ரப்பர் நட்ட நம் பாட்டன்மாரில் பலருக்கு ஒரு சாண் நிலமேனும் மிஞ்சாதது ஏன்? எது உணவு, எது நஞ்சு, எப்பருவத்தில் பறிப்பது என்று தலைமுறை தலைமுறையாக அறிந்து வைத்ததும் உழைப்பே அன்றோ? அவ்வுழைப்பு ஜக்கூன் முதலிய பூர்வகுடிகளுடையது.

இதை நீதிமன்றமும் ஒப்பியுள்ளது. லிங்கியு அணைக்காகக் காட்டை இழந்த ஜக்கூன் மக்களுக்கு, ஜொகூர் பாரு உயர்நீதிமன்றம் 2 கோடியே 65 லட்சம் ரிங்கிட் நஷ்டஈடு விதித்தது. காட்டு விளைபொருளும் அதனால் நடந்த ஜீவனமும் அக்கணக்கில் சேர்ந்தன. தண்ணீருக்காகக் காட்டை எடுப்பவர் கடன்பட்டவரெனில், பயிருக்காக எடுப்பவர் எப்படிக் கடனற்றவராவார்?

உள்நாட்டுச் செடிகள் பயிராகட்டும்; நாம் தடுக்கவில்லை. முதல் பட்டா, அவற்றை உணவென்று கண்டறிந்த மக்களுக்குக் கிடைக்கட்டும். அதன் பின்னரே மற்றவர் லாபக் கணக்கை நாம் எழுதுவது முறையாகும்.