சனியும் சைவ மாணாக்கரும்

சனி என்னும் பெயரைக் கேட்ட மாத்திரத்தே அஞ்சும் மாணாக்கர் நம் வகுப்புக்களில் உளர். பரீட்சையில் தவறியவன் ஏழரைச் சனியின்மேற் பழி சுமத்துவான். பெற்றோரும் அதனை ஒப்புவர். இவ்வச்சத்தை நீக்குதல் ஆசிரியராகிய நம் கடனன்றோ?

சனைச்சரன் என்னும் வடசொல்லுக்கு மெல்லச் செல்வோன் என்பது பொருள். புராணமும் அவரைச் சூரியன் புதல்வரெனவும் காலூனமுற்றவரெனவும் கூறும். அக்கோள் சூரியனைச் சுற்றிவர ஏறக்குறைய 29½ ஆண்டுகள் செல்லும். எனவே ஓரிராசியில் 2½ ஆண்டளவு தங்கும். மூன்றிராசிக்கு 7½ ஆண்டாம். ஏழரை என்பது இக்கணக்கே. கலிலியோ 1610இல் தொலைநோக்கியால் நோக்கியும் அதன் வளையத்தை இன்னதெனத் தெளிந்திலர். 1659இல் ஹைகன்ஸ் என்பார் விளக்கினார். பூமியினும் ஒன்பது மடங்கு அகன்ற அக்கோள் நீரினும் அடர்த்தி குறைந்தது.

பிரான்சிய ஆசிரியர் வோல்ட்டயர் 1752இல் வெளியிட்ட ‘மைக்ரோமெகாஸ்’ என்னுங் கற்பனைக் கதையிலே, 15,000 ஆண்டு ஆயுள் பெற்ற சனியுலகத்தான் ஒருவன் அதுவும் போதாதென வருந்துகின்றான். நூறாண்டும் நிரம்பாத நாம், உள்ள நாளையும் அச்சத்திற் கழித்தல் தகுமோ?

சனிபகவான் சிவனாணைவழி நின்று வினைப்பயனை ஊட்டுபவரேயன்றித் தாமே தீங்கிழைப்பவரல்லர். திருமறைக்காட்டிலே, கோள்நிலை தீதென்று அப்பர் சுவாமிகள் தடுத்தருளவும், திருஞானசம்பந்தர் கோளறு பதிகம் பாடி மதுரைக்கு எழுந்தருளினார். ஆதலின், ஆசிரியர்காள்! வானநூற் பாடத்தையும் அப்பதிகத்தையும் ஒருங்கே கற்பிப்போமாக. இரவில் அக்கோளை வானத்திற் காட்டுவோமாக. அஞ்சிக் குனிந்த பிள்ளை நிமிர்ந்து நோக்கட்டும். தவறிய பாடத்தை மீண்டும் முயன்று கற்கட்டும்.