கூலிக்குக் கற்கும் பாஷை

வித்தையைத் திரவியத்துக்காகக் கற்பது இழிவு என்னும் அபிப்பிராயத்தை உரக்கச் சொல்லுகிறவர்களில் பெரும்பாலோர் உத்தியோகத்துக்காகவே இங்கிலீஷ் படித்தவர்கள் என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வருவதுண்டு. அமெரிக்கப் பட்டாளத்தில் சிப்பாயாக இருக்கும் என் தங்கையின் பேரன், விடுமுறையில் கடலூர் வந்திருந்தபோது, இந்த விஷயத்தையே என் முன் வைத்தான். அவனுடைய ஒப்பந்தக் காலம் முடியப்போகிறது. மறுபடி கையெழுத்திட்டு, இப்போது செய்யும் லாரி பழுதுபார்க்கும் வேலையை விட்டு மொழியாளர் உத்தியோகத்துக்கு மாறினால், பெருந்தொகை போனஸாகக் கிடைக்கும். அதற்கு மாண்டரே நகரத்து ராணுவ மொழிப் பள்ளியில் 64 வாரம் அரபு கற்கவேண்டும். "பணத்துக்காக ஒரு பாஷையைப் படிக்கிறது தப்பா, தாத்தா?" என்று கேட்டான்.

நாங்கள் அப்போது தேவனாம்பட்டினத்தில் உலாவிக்கொண்டிருந்தோம். 1690இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் மராட்டியரிடம் வாங்கிய செயின்ட் டேவிட் கோட்டை இருந்த ஊர் அது. கணக்கெழுதக் கப்பலேறி வந்த ராபர்ட் கிளைவ் பேனாவை வைத்துவிட்டு 1747இல் பட்டாள உத்தியோகம் பெற்றதும் இங்கேதான். அந்த வேலை மாற்றத்தால் அவன் அடைந்த ஐசுவரியம் உலகறிந்தது. ஆனால் இந்நாட்டுப் பாஷை எதையும் செவ்வையாகக் கற்காமல், துபாஷிகளைக் கொண்டே அவன் காலந்தள்ளிவிட்டான்.

எல்லிஸ் துரையின் முயற்சியால் 1812இல் சென்னையில் ஏற்பட்ட செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியிலோ, சீமையிலிருந்து வந்த இளம் சிவில் உத்தியோகஸ்தர்கள் தேசபாஷைகளில் பரீட்சை தேறினால் அவர்களுடைய படி உயர்ந்தது. காசு காட்டித்தான் கற்பித்தார்கள். ஆயினும் தென்னாட்டு மொழிகள் ஒரு தனிக் குடும்பம் என்று 1816இல் எல்லிஸ் நிரூபித்தது அந்தக் கல்லூரியின் வேலைகளுக்கிடையேதான். அங்கே ஆசிரியராயிருந்த தாண்டவராய முதலியார் எழுதிய பஞ்சதந்திர வசனத்தைப் பிற்காலத்தில் நம் வீட்டுப் பிள்ளைகளே பாடமாகப் படித்தார்கள். வரி வசூலுக்கென்று தொடங்கிய படிப்பு எங்கெங்கோ போய்விட்டது.

நானும் கூலிக்குக் கற்றவனே. மத்திய சர்க்கார் ஆபீஸில் இருந்தபோது இந்தியில் 'பிராக்யா' பரீட்சை தேறி, ஓராண்டுக்கு ஓர் இன்கிரிமென்ட் அளவுத் தொகையை மாதந்தோறும் பெற்றேன். நான் படித்தது சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில். 1965 ஜனவரியில் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்த மாணவர் ராஜேந்திரனுக்குச் சிலை எழுப்பியிருக்கும் இடம். பரீட்சை தேறிய பிறகு அந்தச் சிலையைக் கடக்கும்போது என் மனம் கூசியது உண்மை. தொகை வாங்கியதற்காகக் கூசவில்லை. இந்தத் தொகையைக் கொடுக்கிறவர்கள் எதை வேண்டிக் கொடுக்கிறார்கள் என்ற கேள்வி அங்கே எழுந்து நின்றதனால்தான். என் வரையில் அது சில பைல்களில் சில குறிப்புகளோடு முடிந்துபோயிற்று.

பையனுடைய விஷயம் அப்படி லேசாக முடியாது. பட்டாளம் மொழி கற்பிப்பது, பெரும்பாலும், தான் கேட்கப்படுவதை அறியாத ஒருவனுடைய சம்பாஷணையை ஒட்டுக்கேட்பதற்கு. கேட்கிறவன் அந்தப் பாஷையில் தேறத்தேற, சத்துரு என்று தனக்குச் சொல்லப்பட்டவன் வீட்டுச் செலவைப் பற்றியும், மகளின் காய்ச்சலைப் பற்றியும் பேசுவதும் விளங்கத் தொடங்கும். இதை மட்டும் கேள், இதைக் கேளாதே என்று காதுக்கு எந்தத் துரையும் உத்தரவிட முடியாது.

ஆகையால், படிப்பதில் தப்பே இல்லை என்றுதான் அவனிடம் சொன்னேன். எத்தனை வருஷத்துக்குக் கையெழுத்து வாங்குகிறார்கள், இடையில் தேறாமற்போனால் போனஸைத் திருப்பிக் கேட்பார்களா, பிறகு எந்த வேலையில் போடுவார்கள் என்பவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளச் சொன்னேன். அவற்றைச் செல்போனில் குறித்துக்கொண்டான். பிறர் பேச்சை நாள் முழுதும் கேட்டுவிட்டு வந்து ராத்திரி தூங்க முடியுமா என்றும் கேட்டேன்.

"அதைப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லலை, தாத்தா."

"அந்த வேலையைப் பார்த்துவிட்டு வெளியே வந்தவன் ஒருவனைத் தேடிப் பிடித்துக் கேள், கையெழுத்து அப்புறம்" என்றேன்.