தன்னை அறிதலும் தொழில் தேர்தலும்

புங்குடுதீவின் மேற்குக் கரையில் தரைவழி முடியுமிடம் குறிகட்டுவான். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் செல்வோர் அவ்விறங்குதுறையிலேயே படகேறுவர். அத்தீவுகளின் இளைஞர் பலர்க்கு உயர்கல்வியும் உத்தியோகமும் கடலுக்கு இப்பாலே உள்ளன. க.பொ.த. சாதாரணதரம் முடிந்ததும், ஏறத்தாழப் பதினாறு வயதில், கணிதமா, உயிரியலா, வர்த்தகமா, கலையா, தொழில்நுட்பமா என்ற வினா அவர்களை எதிர்கொள்கிறது. “நீ என்னவாகப் போகிறாய்?” என வினவும் உலகம், “நீ யார்?” என வினவுவதில்லை. முதல் வினாவுக்கு விடை கூறுமுன் இரண்டாவதற்கு விடை காண்டல் வேண்டும் என்பர் அறிஞர். அது இயலுமா என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

‘வலியறிதல்’ என்னும் அதிகாரத்தில் வள்ளுவர், வினையின் வலியோடு தன் வலியையும் தூக்கிப் பார்க்குமாறு பணிக்கின்றார். ஆயின் தன் வலியை ஒருவன் எங்ஙனம் அறிவான்? நீரில் இறங்காதவன் தன் நீச்சலை அறியான். பௌதிகவியல் ஆசிரியர் இல்லாத பாடசாலையில் பயிலும் மாணவி, “எனக்கு விஞ்ஞானத்தில் நாட்டமில்லை” என்பாளாயின், அஃது அவளது இயல்பின் குரலா, அன்றி வாய்ப்பின்மையின் குரலா? 2001 முதல் பல்கலைக்கழக அனுமதியில் கையாளப்படும் இசட் புள்ளியும் ஒரு பரீட்சையில் ஒருவர் பெற்ற நிலையையே காட்டும். அவர் இன்னார் என்பதைக் காட்டாது. ஆகவே ‘தான்’ என்பது உள்ளே புதைந்து கிடக்கும் முடிந்த பொருளன்று. செயலிற் புகுந்தே அதனை அறிதல் கூடும்.

இதற்குத் தீவகமே சான்று தருகிறது. ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பனில் 1913ஆம் ஆண்டு பிறந்தவர் தனிநாயகம் அடிகள். இளமைக் கல்வியை ஆங்கிலத்திற் பெற்று, உரோமாபுரியில் இறையியல் பயின்று குருவானவர். தென்தமிழ்நாட்டின் வடக்கன்குளத்தில் ஆசிரியப் பணியாற்றிய காலத்திலேயே தமிழை முறையாகக் கற்கத் தலைப்பட்டார். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதுநிலை மாணவராய் அமர்ந்தபோது அவருக்கு வயது முப்பதைக் கடந்திருந்தது. 1964இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றுதற்கு முன்னின்றவரும் அவரே. பதினாறு வயதில் அவரை வினவியிருப்பின் இவ்விடையை அவரே கூறியிருத்தல் அரிது. அவர் முன்னைய பணியைத் துறக்கவில்லை. அதனூடாகவே தம் மற்றோர் ஆற்றலைக் கண்டார்.

எனினும் ஒரு தடை எழும். பலமுறை முயன்று பார்த்தற்கு வறியவர்க்கு அவகாசம் ஏது? 1990களின் தொடக்கத்தில் இடம்பெயர்ந்து, வீடும் தொழிலும் இழந்து, பிள்ளையைப் படிப்பித்த பெற்றோர்க்கு அப்பிள்ளை கடன்பட்டதன்றோ? 1945இல் பாரிஸில் நிகழ்த்திய உரையொன்றில் சார்த்தர், தாயுடன் தங்குவதா போருக்குச் செல்வதா எனக் கலங்கிய மாணவனைக் குறிப்பிடுகின்றார். எந்த அறநூலும் அவனுக்காக முடிவு செய்யாது. அவனே தெரிதல் வேண்டும் என்பது அவர் துணிபு. அவர் கூற்று முழுதும் ஏற்புடைத்தன்று. தாய் மீது கொண்ட அன்பும் அவனது ‘தான்’ என்பதன் ஒரு கூறே. அதனைப் புறத்தே நிறுத்தித் தன்னை அறிதல் இயலாது.

ஆயினும் கடனின் எல்லையை வரையறுத்தல் இன்றியமையாதது. முதுமையிற் பேணுதலும், தம்பி தங்கையர்க்குத் துணை நிற்றலும் பிள்ளை செலுத்த வேண்டிய கடன். இன்ன பட்டத்தையே பெற வேண்டும் என்பது கடனாகாது. மனமொவ்வாத் தொழிலில் அமர்ந்த மருத்துவனால் நோயாளிக்கும் இழப்பு. அவனைப் பெற்றோர்க்கும் நிறைவில்லை. அங்ஙனமே, கடலையும் வயலையும் நன்கறிந்த இளைஞன் உத்தியோகம் ஒன்றே மதிப்பெனக் கருதி அவ்வறிவை இழிவாக எண்ணுதலும் தன்னை அறியாமையே.

ஆதலின் இளையோர் செய்யத்தக்கது, குறையற்ற விடை கிடைக்கும்வரை காத்திருத்தலன்று. கிட்டிய துறையில் நேர்மையாக உழைத்து, அவ்வுழைப்பு தம்மைப் பற்றி உணர்த்துவதைக் கூர்ந்து நோக்குதலாகும். மூத்தோர் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. ஒருவழிச் சென்ற பிள்ளை பிழையுணர்ந்து மீளுமாயின், அம்மீட்சியைத் தோல்வியெனத் தூற்றாதிருத்தல் வேண்டும். மீள இடமில்லாதவிடத்துத் தெரிவு என்பது பெயரளவினதே.