ஔடத தானமும் ஒரு பூனையும்

ஏலாதி, சிறுபஞ்சமூலம் என்னும் நீதி நூல்களை இயற்றியோர் சமணச் சான்றோர். இரண்டும் மருந்தின் பெயரையே தாங்கி நிற்பதை வகுப்பறையில் பலமுறை எடுத்துரைத்துள்ளோம். உடல் நோய்க்கு மருந்து. உள்ள நோய்க்கு அறம். ஆயின் கொடுத்த மருந்தே அறப்பிழையாக மாறுவதும் உண்டு. அதனை எமக்குக் கற்பித்தது ஒரு பூனை.

ஆசிரியப் பணியின் பொருட்டு உடன்குடிக்கு வந்த யாம், ஓய்வுக்குப் பின்னரும் அங்கேயே தங்கிவிட்டோம். எம் தெருவிலுள்ள கருப்பட்டிக் கிட்டங்கியில் எலிக்காக வளர்த்த பூனை, எம் திண்ணையைத் தனதாக்கிக்கொண்டது. ஒரு நாள் அது உணவு கொள்ளாது சுருண்டு கிடந்தது, உடல் கொதித்தது. மனம் பொறாமல், வீட்டிலிருந்த பாராசிட்டமால் மாத்திரையில் பாதியைப் பொடித்துப் பாலில் கலந்து புகட்டினோம். மாலைக்குள் அதன் முகம் வீங்கியது, ஈறுகள் பழுப்பேறின, மூச்சுத் திணறியது. மறுநாள் விடியலில் உயிர் பிரிந்தது. கால்நடை மருத்துவர் பின்னர் விளக்கினார்: அம்மருந்தின் நஞ்சை முறிக்கும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு, அதனால் இரத்தம் உயிர்க்காற்றைச் சுமக்க இயலாது போகிறது, மாத்திரையின் சிறு துண்டே உயிரைக் குடிக்கும்.

கொல்லும் எண்ணம் எமக்கில்லை. எனினும் அது ஹிம்சை அன்று எனக் கூற இயலுமா? தத்துவார்த்த சூத்திரம் ஹிம்சைக்கு இலக்கணம் கூறுகையில், பிரமாதத்தால், அதாவது கவனமின்மையால், உயிருக்கு ஊறு செய்தலையே குறிக்கிறது. அறிந்தோரைக் கேளாமல் கொடுத்ததே எம் பிரமாதம்.

‘இயற்கை மருந்து’ என்னும் பெயரும் இப்பிழையினின்று நம்மைக் காவாது. பூச்சி நீங்கப் பூண்டு கொடுப்போர் உளர். நம் இல்லங்கள் விலக்கிய பூண்டும் வெங்காயமும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைப்பன. தெள்ளுப்பூச்சிக்குக் கற்பூரமோ யூகலிப்டஸ் தைலமோ தடவினால், தன்னை நக்கித் தூய்மை செய்யும் பூனை அதனை உட்கொண்டு துன்புறும். நாய்க்கென விற்கும் பெர்மெத்ரின் கலந்த மருந்தும் பூனைக்கு நஞ்சே. வீட்டில் செய்யத்தக்கன சில: பீளை கட்டிய கண்ணைக் காய்ச்சி ஆறிய நீரில் நனைத்த துணியால் துடைத்தல், பேன் சீப்பால் தெள்ளுகளை வாரி அகற்றல், மலச்சிக்கலுக்கு உப்பின்றி அவித்து மசித்த மஞ்சள் பூசணி சிறிது அளித்தல். ஒரு நாளுக்கு மேல் உணவை மறுத்தால் மருத்துவரிடம் செல்லவேண்டும். கடுவன் பூனை சிறுநீர் கழிக்க முக்கித் தவித்தால் ஒரு பொழுதும் தாழ்த்தலாகாது. அவ்வடைப்பு ஓரிரு நாளில் உயிரைப் பறிக்கும்.

இங்கு இரு ஐயங்கள் எழலாம். ஊனுண்ணும் உயிரைப் பேணுதல் அறமா? தில்லிச் செங்கோட்டைக்கு எதிரே லால் மந்திரில் சமணர் நடத்தும் பறவை மருத்துவமனை, ஊனுண்ணும் பறவைகளை உள்ளே தங்கவைப்பதில்லை. ஆயினும் அவற்றுக்கும் மருந்திட்டே அனுப்புகிறது. நோயுற்ற உயிர் எதனை உண்ணும் என்பது ஔடத தானத்துக்குத் தடையன்று. பூனைக்குச் சோறும் பாலும் மட்டுமே தருவதும் முறையன்று. ஊனிலுள்ள டாரின் என்னும் சத்துக் குறைந்தால் அதன் கண்ணும் இதயமும் கெடும். உரிய உணவை மறுத்தல், அகிம்சை அணுவிரதத்தின் அதிசாரங்கள் ஐந்தனுள் ஒன்றல்லவா?

குடற்புழு மருந்து ஈரறிவு உயிர்களைக் கொல்லாதா என்பது அடுத்த ஐயம். கொல்லும். அது குற்றமற்றது எனக் கூறி எம்மை யாமே தேற்றிக்கொள்ள விரும்பவில்லை. துன்புறும் ஐயறிவு உயிரைக் காக்கும் கருத்துடன், மருத்துவர் கூறிய அளவே தருகிறோம். அன்று மாலைப் பிரதிக்கிரமணத்தில் அப்புழுக்களையும் நினைக்கிறோம்.

இன்று எம் திண்ணையில் வேறொரு பூனை உறங்குகிறது. நம் இல்லத்துப் பிள்ளைகளுக்கு யாம் கூறுவது இதுவே: வாயற்ற உயிர் நோயுற்றால், கை மருந்துப் பெட்டியைத் தேடுமுன் கால் மருத்துவரை நாடட்டும்.

ஜீவதயை வளர்க!